வண்டி யாருடையது?

தலைமைக்குத் துணை – 7

அரியலூர்ப் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள சுவர்களைப் பார்க்கிறவர்களுக்கு 'கோச்சிங்' என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தந்தான் தோன்றும். தேர்வாணையப் பரீட்சைக்கோ போலீஸ் வேலைக்கோ பிள்ளைகளைத் தயார் செய்து அனுப்பும் இடம் என்று. அங்கிருந்து ரயில் நிலையத்துக்குப் போய் நின்றால், அதே சொல் வேறு வேஷம் போட்டுக்கொண்டு, இன்ன கோச் பிளாட்பாரத்தில் இன்ன இடத்தில் வந்து நிற்கும் என்று அறிவிக்கிறது. இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பதைப் பலர் அறியமாட்டார்கள். ஹங்கேரி தேசத்தில் கோச் என்று ஒரு கிராமம். பதினைந்தாம் நூற்றாண்டில் அங்கே செய்யப்பட்ட, உடம்பை அதிகம் குலுக்காத இலகுவான குதிரை வண்டிகளுக்கு அந்தக் கிராமத்தின் பெயரே பெயராகி, ஐரோப்பிய பாஷைகள் பலவற்றிலும் பரவிற்று. பிற்பாடு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஆக்ஸ்போர்டு மாணவர்கள், தங்களைப் பரீட்சை என்னும் ஆற்றுக்கு அக்கரையில் கொண்டுபோய் இறக்கிவிடுகிற தனி ஆசிரியரை வேடிக்கையாக அந்த வண்டியின் பெயரால் அழைக்கத் தொடங்கினார்கள். அங்கிருந்து விளையாட்டு மைதானத்துக்கும், மைதானத்திலிருந்து பெரிய கம்பெனிகளின் அதிகாரிகள் அறைக்கும் அந்தச் சொல் வந்து சேர்ந்தது.

இந்தத் தொடரில் நாம் பேசிவரும் தலைமைத் துணைவர், அதாவது அதிகாரிகளோடும் நிர்வாகிகளோடும் தனியே அமர்ந்து பேசி அவர்களுடைய திறமையை வெளிக்கொணர்வதைத் தொழிலாகக் கொண்டவர், தம் தொழிலின் பெயர் ஒரு வண்டியின் பெயர் என்பதை ஒருபோதும் மறக்கலாகாது என்பது என் அபிப்பிராயம். எந்த ஊருக்குப் போவது என்று வண்டி தீர்மானிப்பதில்லை. ஏறி உட்கார்ந்தவன் தீர்மானிக்கிறான். கேட்பதற்கு இது மிகச் சாதாரணமான விஷயம். ஆனால், அனுபவமும் வயதும் உள்ள ஒருவன், எதிரே தவித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஓர் இளைஞனைப் பார்த்துக்கொண்டு இதை அனுஷ்டிப்பது எத்தனை கஷ்டம் என்பதை நான் என் சொந்தத் தோல்வியிலிருந்து அறிந்தவன்.

அந்தத் தோல்வியைச் சொல்கிறேன். அரியலூர் வட்டாரத்தில் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும் அநேகம். அவற்றுள் ஒன்றில் பல வருஷங்கள் டம்பர் லாரி ஓட்டியிருந்து, பிறகு ஃபோர்மேனாக உயர்த்தப்பட்ட ஓர் இளைஞர், நண்பர் ஒருவர் சொல்லக் கேட்டு என்னைப் பார்க்க வந்தார். அவருடைய சங்கடம் பதவி உயர்வு பெற்றவர்கள் எல்லாருக்கும் பொதுவானது.

"அவங்க எல்லாம் என் கூடவே வண்டி ஓட்டினவங்க, ஐயா. வண்டியை எடுக்கிறதுக்கு முன்னாடி பிரேக்கைப் பார்த்துட்டு எடுங்கன்னு சொன்னா, 'என்ன மாப்ளே, நேத்துவரைக்கும் நீ பார்த்தியா?'ன்னு கேட்டுச் சிரிக்கிறாங்க. நான் என்ன செய்ய?" என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அரை மணி நேரம் பேசினேன். அதிகாரம் என்பது நட்பிலிருந்து விலகி நிற்க வேண்டியதன் அவசியத்தைப் பற்றியும், முதலில் வாய்மொழியாக எச்சரித்துப் பின்பு எழுத்து மூலமாக மெமோ கொடுக்க வேண்டிய கிரமத்தைப் பற்றியும், நான் உத்தியோகத்திலிருந்த நாளில் இதே போன்ற சந்தர்ப்பத்தை எவ்வளவு சாமர்த்தியமாகச் சமாளித்தேன் என்பதைப் பற்றியும் சொற்பொழிவே நிகழ்த்திவிட்டேன். அவர் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் "சரிங்க ஐயா" என்றார். எனக்குப் பரம திருப்தி. இரண்டு வாரம் கழித்து அவர் வந்தபோது, நான் சொன்னவற்றில் ஒன்றையும் அவர் செய்திருக்கவில்லை.

நம் நாட்டில் இந்தத் தொழிலைச் செய்ய வருகிறவர்கள் முதலில் பயப்பட வேண்டியது இந்தச் 'சரிங்க' என்ற சொல்லுக்குத்தான். அமெரிக்காவில் எழுதப்பட்ட பாடப் புத்தகங்களில் இதைப் பற்றி ஒரு வரிகூட இராது; ஏனென்றால், அங்கே உடன்பாடில்லாதவன் இல்லை என்று சொல்லிவிடுவான் என்ற நம்பிக்கையில் அவை எழுதப்பட்டவை. நம் பக்கத்திலோ, மூத்தவர் பேசும்போது வருகிற 'சரிங்க' என்பது சம்மதம் அன்று. அது ஒரு மரியாதை. சில சமயங்களில், இந்தப் பேச்சு சீக்கிரம் முடிந்தால் தேவலையே என்ற பிரார்த்தனையுங்கூட. அதைச் சம்மதமென்று எடுத்துக்கொள்ளும் துணைவர், ஆள் ஏறாத வண்டியை வெகு தூரம் ஓட்டிக்கொண்டு போகிறவர்.

உபதேசம் செய்வதைக் காட்டிலும் கவனத்தைத் திருப்பிவிடுவதே அதிகப் பலன் தரும் என்பதை நவீன காலத்தில் அழுத்தமாகச் சொன்னவர் ஒரு டென்னிஸ் ஆசிரியர். திமோதி கால்வே என்னும் அந்த அமெரிக்கர், 1974இல் டென்னிஸின் உள் ஆட்டத்தைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். கையை இப்படித் தூக்கு, தோளை அப்படித் திருப்பு என்று சொல்லிச் சொல்லி மாணவனைக் குழப்புவதற்குப் பதிலாக, பந்து தரையில் பட்டு எழும்பும் கணத்திலும் மட்டையில் மோதும் கணத்திலும் ஒவ்வொரு சொல்லை வாய்விட்டுச் சொல்லும்படி மாத்திரம் அவர் கேட்டுக்கொண்டார். கவனமெல்லாம் பந்தின்மேல் போய்விடவே, தான் சரியாக ஆடுகிறோமா என்ற மனக்கிலேசம் நீங்கி, கை தானாகவே செம்மைப்பட்டது. கார்ப் பந்தய வீரராயிருந்த ஜான் விட்மோர் என்னும் ஆங்கிலேயர், இதே தத்துவத்தை வியாபார ஸ்தாபனங்களுக்குக் கொண்டுபோய், எதை அடைய விரும்புகிறீர்கள், இப்போது நிலைமை என்ன, என்னென்ன வழிகள் உண்டு, அவற்றில் எதைச் செய்யப் போகிறீர்கள் என்ற நான்கு கேள்விகளின் வரிசையை 1992இல் வெளிவந்த தம் நூலின் மூலம் பிரசித்தமாக்கினார். இந்த நான்கையும் மனப்பாடம் செய்துகொண்டு வந்து, பாரம் பூர்த்தி செய்யும் குமாஸ்தாவைப் போல ஒவ்வொன்றாகக் கேட்கிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். முதல் கேள்விக்கு வந்த பதில் காதில் விழுந்திருந்தால் இரண்டாவது கேள்வி தானாகவே வேறாகியிருக்கும்.

1995இல் அமெரிக்காவில் தோன்றி இன்று உலகெங்கும் கிளைவிட்டிருக்கும் சர்வதேசக் கோச்சிங் சம்மேளனம், இத்தொழிலுக்கு இன்றியமையாத தகுதிகள் என்று எட்டை வகுத்திருக்கிறது. சம்மேளனத்தின் ஆரம்பப் பட்டத்துக்கே 60 மணி நேரப் படிப்பும் 100 மணி நேர அனுபவமும் வேண்டும். உச்சப் பட்டத்துக்கு 2,500 மணி நேர அனுபவம். எட்டுத் தகுதிகளையும் இங்கே விஸ்தரித்துக்கொண்டிருக்கப் போவதில்லை. என் மட்டில், கூர்ந்து கேட்பதும், கேள்வியால் விழிப்பூட்டுவதும், ரகசியம் காப்பதும் கைவந்துவிட்டால் மற்றவை பின்தொடரும்.

கேள்வியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 'ஏன்' என்று தொடங்கும் கேள்வி நம் காதில் கேள்வியாக விழுவதில்லை. "ஏன் இப்படிச் செஞ்சே?" என்பது தகப்பனாரும் வாத்தியாரும் கை ஓங்குவதற்கு முன் சொல்லும் வார்த்தை, அதைக் கேட்டவுடன் ஐம்பது வயது அதிகாரியும் பத்து வயதுப் பையனாகிச் சமாதானம் சொல்லத் தொடங்கிவிடுகிறார். அதையே "அந்த நேரத்துல உங்க மனசுல என்ன ஓடிச்சு?" என்று கேட்டுப் பாருங்கள், அவர் தம்மைத் தாமே திரும்பிப் பார்ப்பார்.

ரகசியத்தின் சங்கடம் வேறு விதமானது. துணைவருக்குச் சம்பளம் கொடுப்பது கம்பெனி. அவர் முன்னால் மனத்தைத் திறப்பது கம்பெனியின் சிப்பந்தி. மாதம் ஒருமுறை மேலாளர் யதார்த்தமாகக் கேட்பது போல், "நம்ம ஆள் எப்படி இருக்காரு? வேலையை விட்டுப் போற எண்ணம் ஏதும் இருக்கா?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்கு அரைப் பதில் சொன்னாலும் போதும், அதுவரை கட்டிய நம்பிக்கை அத்தனையும் மண்ணாகும். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதை மூன்று தரப்பாரும் முதல் நாளே உட்கார்ந்து பேசி முடித்துக்கொள்வதைத் தவிர இதற்கு வேறு பரிகாரம் இல்லை.

இந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு தலைமையைப் பற்றி எழுதுகிறவன் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தாண்டிப் போக முடியாது. அங்குள்ள கோயிலின் வடபுற வாயிலருகே, சிவபெருமான் தமது பக்தரான சண்டேசுவரரின் தலையில் தம் கையாலேயே பூமாலையைச் சுற்றுகிற சிற்பம் ஒன்று இருக்கிறது. இராஜேந்திர சோழன் தன் பட்டாபிஷேகத்தையே அதில் குறிப்பாகக் காட்டியிருக்கிறான் என்று சொல்வோர் உண்டு. அது எவ்வாறாயினும், அவன் பட்டத்துக்கு வந்த விதம் நம் விஷயத்துக்கு மிகவும் பொருந்தும். இளவரசனாயிருந்தபோதே சாளுக்கியர்மேல் படை நடத்தியிருந்த அவனை, முதலாம் இராஜராஜன் 1012இல் தன்னோடு சேர்ந்து ஆளும்படி அரியணையில் அமர்த்தினான். தகப்பனின் ஆட்சி 1014இல் முடியும்வரை இருவரும் சேர்ந்தே ஆண்டார்கள். இராஜேந்திரனோ அதைவிட ஒரு படி மேலே போய், முழு அதிகாரம் கைக்கு வந்த நான்கே ஆண்டுகளில், 1018இல், தன் மகன் இராஜாதிராஜனைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டான். 1044இல் தன் ஆட்சி முடியும்வரை இருபத்தாறு வருஷம் மகனோடு சேர்ந்தே ஆண்டான்.

இது தலைமைக்குத் துணை நிற்பதாகுமா என்று கேட்டால், முழுவதும் ஆகாது என்றே சொல்வேன். ஏனென்றால், மகன் எப்படி ஆள வேண்டும் என்பதில் தகப்பனுக்குச் சொந்தமான ஆசை உண்டு, துணைவருக்கோ அந்த ஆசை இருக்கலாகாது. ஆயினும் ஒரு முக்கியமான அம்சம் அதில் இருக்கிறது. அரசாளும் வித்தையை ஓலையில் எழுதிக் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிட்டு ஒதுங்காமல், நிஜமான படையையும் நிஜமான அபாயத்தையும் கையில் கொடுத்து, தவறினால் தாங்குவதற்குத் தான் அருகில் இருந்துகொள்வது என்ற அந்த ஏற்பாட்டில், பொறுப்பு கற்கிறவன் தோளிலேயே இருந்தது. இராஜாதிராஜன் 1054இல் கொப்பம் போர்க்களத்தில் யானைமேல் இருந்தபடியே மாண்டபோது, படை சிதறியோடத் தொடங்கிய அந்த இடத்திலேயே அவன் தம்பி இரண்டாம் இராஜேந்திரன் முடிசூடிக்கொண்டு போரை வெற்றியாக முடித்தான் என்றால், அப்படிப்பட்ட நிதானம் ஒரே நாளில் வந்துவிட்டதாக நான் நம்பவில்லை.

பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு இந்த ஊரில் இன்னொரு விடையும் உண்டு. 1956ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் தேதி விடியற்காலையில், சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போய்க்கொண்டிருந்த எக்ஸ்பிரஸ், அரியலூருக்கு அருகே மழை வெள்ளம் புரண்டோடிய மருதையாற்றுப் பாலத்தில் கவிழ்ந்து, நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ரயில்வே மந்திரியாயிருந்த லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமாக் கொடுத்தார். அதே வருஷம் மகபூப்நகர் அருகே விபத்து நேர்ந்தபோதும் அவர் விலக முன்வந்தார். அப்போது ஏற்க மறுத்த நேரு, இம்முறை ஏற்றுக்கொண்டார். சாஸ்திரியிடம் குற்றம் கண்டு ஏற்கவில்லை, அரசியல் ஒழுக்கத்துக்கு ஒரு முன்மாதிரியாக இருக்கட்டும் என்றே ஏற்பதாக நாடாளுமன்றத்தில் தெளிவும்படுத்தினார். மந்திரி விலகினால் பாலம் உறுதிப்பட்டுவிடுமா என்று விதண்டாவாதம் பேசுவோருடன் எனக்கு இங்கே வழக்கில்லை. ஒரு தலைவனின் அருகில் ஆயிரம் ஆலோசகர்கள் இருக்கலாம். ராஜினாமாக் கடிதத்தின் அடியில் கையெழுத்து அவன் ஒருவனுடையது. அந்தத் தனிமையில் அவன் நிதானம் தவறாமல் நிற்பதற்கு முன்கூட்டியே உதவியிருக்க முடியுமே தவிர, அவனுக்காக எவரும் கையெழுத்திட முடியாது.

என் ஃபோர்மேனிடம் திரும்புகிறேன். இரண்டாவது முறை வந்தபோது, வெட்கத்தை விழுங்கிக்கொண்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "நீங்க டம்பர் ஓட்டின காலத்துல, யார் சொன்னா மறுபேச்சு இல்லாம கேட்டீங்க, தம்பி?" அவர் பதில் சொல்லவில்லை. எனக்கு நாக்கு துடித்தது. உதாரணங்கள் தொண்டைவரை வந்து நின்றன. டம்ளரில் இருந்த டீயின்மேல் ஆடை படர்ந்தது. அந்த மௌனத்தைப் பொறுத்துக்கொண்டது ஒன்றுதான் அன்று நான் செய்த வேலை.

வெகு நேரத்துக்குப் பிறகு, "எங்க செட்டுல ஒரு பெரியவர் இருக்காரு, ஐயா. எல்லாருக்கும் அண்ணன். அவர் வண்டியைச் சுத்திப் பார்க்காம ஏற மாட்டாரு. அவரைப் பார்த்துத்தான் நாங்களும் பார்ப்போம், அவர் யாரையும் ஒண்ணும் சொன்னதில்லை" என்றார். பிறகு, நான் ஒன்றும் கேளாமலே, "அவர்கிட்டப் போய் நான் பேசவே இல்லையே" என்றார்.

மறுநாள் முதல் ஷிப்டில் அவர் அந்தப் பெரியவரிடம் போய், காலையில் வண்டிகளைப் பார்த்துச் சரி சொல்லும் பொறுப்பை நீங்களே ஏற்க வேண்டும், அண்ணே, என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டுக்கொண்டாராம். இப்போது பிரேக் பார்க்காமல் ஒரு வண்டியும் சுரங்கத்துக்குள் இறங்குவதில்லையாம். நான் எழுதிக் கொடுத்திருந்த மெமோ நகல் அவர் சட்டைப் பையில் மடிந்தபடியே இருந்ததாகச் சொல்லி, என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

(அடுத்த வாரம்: துணைவரே தேவையில்லை என்று சொல்ல வேண்டிய சந்தர்ப்பங்கள்)