சாயங்கால நாலு மணிக் கோபம்

1937-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர், நடத்தைச் சிக்கல்களுக்காகச் சிறுவர் மருத்துவ இல்லமொன்றில் தங்கியிருந்த 30 குழந்தைகளுக்கு பென்செட்ரின் என்ற ஆம்ஃபெட்டமைன் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். ஏறக்குறையப் பாதிப் பேர் படிப்பில் சட்டென்று முன்னேறினார்கள். அவர்கள் அதற்கு வைத்த பெயர் ‘கணக்கு மாத்திரை’. பிராட்லிக்கு வியப்பாக இருந்தது இன்னொன்று: பெரியவர்களை முடுக்கிவிடும் மருந்து, இந்தக் குழந்தைகளில் பலரை அமைதியாக்கியிருந்தது.

கவனத்துக்கான மாத்திரை அன்றே மனநிலையையும் தொட்டுவிட்டது. ஏ.டி.ஹெச்.டி. எனப்படும் கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டுக் கோளாறு உள்ள குழந்தைகளுக்கு இன்று பரவலாகத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட்டும் அப்படித்தான். பள்ளியில் பிள்ளை ஒழுங்காக உட்காருகிறான், வீட்டுக்கு வந்ததும் எரிந்து விழுகிறான். இது மருந்தா, கோளாறா என்று பெற்றோர் குழம்புகிறார்கள். பல நேரங்களில் கடிகாரத்தைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

மெத்தில்ஃபெனிடேட் மூளையில் டோபமைன், நார்அட்ரினலின் ஆகிய வேதிப்பொருள்களின் அளவைக் கூட்டுகிறது. சாதாரண மாத்திரையின் வேலை மூன்று, நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும். நீண்ட நேரம் வேலை செய்யும் வகைகள் 8 முதல் 12 மணி நேரம் வரை தாங்கும். மருந்தின் வேகம் இறங்கும்போது சில குழந்தைகளிடம் பழைய துறுதுறுப்பு முன்பைவிட அதிகமாகவே திரும்பி வரும். காரணமில்லாத அழுகை, அடம், கத்தல் எல்லாம் சேர்ந்துகொள்ளும். மருத்துவர்கள் இதை ‘ரீபவுண்ட்’ என்கிறார்கள்.

பசியும் இதில் ஒரு பங்காளி. மருந்து மதியப் பசியை அடக்கிவிடுவதால் சாப்பாட்டு டப்பா அப்படியே திரும்பி வரும். நாலு மணிக்கு வீட்டுக்குள் நுழைவது வெறும் வயிற்றோடு ஒரு பிள்ளை. வந்ததும் சாப்பிடக் கொடுப்பது, மருந்தின் வகையை மாற்றுவது, பிற்பகலில் சிறிய அளவு சேர்ப்பது என்று இதற்கு வழிகள் உண்டு. பின்னிரண்டையும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

காலை பதினொரு மணிக்கு, மருந்து உச்சத்தில் இருக்கும்போது வரும் மாற்றம் வேறு. பிள்ளை சிரிப்பதில்லை, விளையாடப் போவதில்லை, கேட்டால் மட்டும் பதில். ‘இப்போதெல்லாம் ரொம்ப சமர்த்து’ என்று பள்ளியில் பாராட்டக்கூடும். அளவு கூடிப்போனதற்கான அடையாளமாக அது இருக்கலாம்; குறைத்தால் பழைய கலகலப்பு பெரும்பாலும் திரும்பும்.

எல்லா மருந்தும் ஒரே மாதிரி கோபத்தைத் தூண்டுவதில்லை. 2017-இல் 32 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஆம்ஃபெட்டமைன் வகை எரிச்சல் வரும் வாய்ப்பைப் போலி மாத்திரையைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு ஆக்கியிருந்தது. மெத்தில்ஃபெனிடேட் வகையோ சற்றுக் குறைத்திருந்தது. வயதும் முக்கியம். 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தைகளில் 11 சதவீதத்தினர் பக்கவிளைவுகளால் மெத்தில்ஃபெனிடேட்டை நிறுத்தினார்கள். அவற்றில் எரிச்சலும் அழுகையும் முன்வரிசையில் இருந்தன.

ஏ.டி.ஹெச்.டி.க்கே தரப்படும் அடாமாக்செட்டின் என்ற மருந்து வேறு இனம். இதன் முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், நாள் முழுக்க வேலை செய்யும், ஆகவே நாலு மணிச் சிக்கல் இதில் பெரிதாக இல்லை. ஆனால் இதை எடுத்த 1,357 குழந்தைகளில் 5 பேருக்குத் தற்கொலை எண்ணம் தொடர்பான அறிகுறிகள் தோன்றியதாக ஆய்வுகள் காட்டின. போலி மாத்திரை எடுத்த 851 பேரில் ஒருவருக்கும் இல்லை. யாரும் உயிரிழக்கவில்லை. 2005-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. மிகக் கடுமையான எச்சரிக்கையை அதன் உறையில் சேர்க்கச் சொன்னது.

அரிதாக, இல்லாத குரல் கேட்பதும் உண்டு. ஆம்ஃபெட்டமைன் அல்லது மெத்தில்ஃபெனிடேட் தொடங்கிய 13 முதல் 25 வயது வரையுள்ள 2.2 லட்சம் பேரை 2019-இல் ஆராய்ந்தபோது, சுமார் 660 பேரில் ஒருவருக்குப் புதிதாக மனச்சிதைவு போன்ற அறிகுறிகள் வந்திருந்தன. மெத்தில்ஃபெனிடேட் எடுத்தவர்களைவிட ஆம்ஃபெட்டமைன் எடுத்தவர்களிடம் இது ஏறத்தாழ இரு மடங்கு.

மருந்து தொடங்கும் முன்பே ஒரு வாரம் பிள்ளையின் கோபம், தூக்கம், சாப்பாடு எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதி வைத்தால், பின்னால் எது புதிது என்று பிரித்தறியலாம். ‘ரொம்பக் கோபப்படுகிறான்’ என்பதைவிட ‘பள்ளி விட்டு வந்த ஒரு மணி நேரம் மட்டும்’ என்ற தகவல் மருத்துவருக்குப் பன்மடங்கு உதவும். மருந்து தொடங்கும்போதும் அளவு மாறும்போதும் முதல் சில வாரங்கள் கூடுதல் கவனம் வேண்டும். சாகவேண்டும் என்ற பேச்சு, யாரோ தன்னைப் பின்தொடர்கிறார்கள் என்ற பயம், தூக்கமே வேண்டாத பரபரப்பு: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த வேளை மாத்திரைக்கு முன் மருத்துவரிடம் பேசிவிட வேண்டும்.