சைக்கிளில் துரத்திப் பிடித்தார் போலீஸ்காரர்... தெரியுமா?

காலை 9 மணி. ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு ஒருவர் ஜம்மென்று பைக்கில் போகிறார். எதிரே வருகிறவர் ஹெட்லைட்டை இரண்டு தடவை மினுக்குகிறார். அவ்வளவுதான்! முழங்கையில் இருந்தது தலைக்கு ஏறிவிடுகிறது. அடுத்த திருப்பத்தில் வெள்ளைச் சட்டை, காக்கி பேன்ட். பவ்யமாகக் கடந்து ஐம்பதடி போனதும் ஹெல்மெட் மறுபடி முழங்கைக்கே வந்துவிடுகிறது. மினுக்கியவர் யாரோ, இவர் யாரோ. ஆனாலும் என்ன ஒற்றுமை! இந்தக் கண்ணாமூச்சிக்கு வயது 2,000-க்கும் மேலே, தெரியுமா?

ஜூலியஸ் சீசர் காலத்து ரோமில், கி.மு. 45 வாக்கில், ஒரு சட்டம் போட்டார்கள். விடிந்ததிலிருந்து பிற்பகல் முடியும்வரை பாரவண்டிகள் நகருக்குள் நுழையவே கூடாது! சந்துகளில் அவ்வளவு நெரிசல். கோயில் கட்டக் கல் ஏற்றி வரும் வண்டி, குப்பை அள்ளும் வண்டி போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. பகலில் சென்னைக்குள் லாரி வரக் கூடாது என்கிறோமே, அந்த விதிக்குக் கொள்ளுத் தாத்தா இது. விளைவு? எல்லா வண்டியும் ராத்திரியில் படையெடுத்தது. கற்சாலையில் கடகட சத்தம், வண்டிக்காரர்களின் வசவு, ஊரே தூக்கமில்லாமல் புரண்டது. ஜூவனல் என்ற அங்கதக் கவிஞர் பிற்காலத்தில் இதைப் பற்றிப் புலம்பித் தள்ளியிருக்கிறார். நெரிசல் எங்கேயும் போய்விடவில்லை, நேரத்தை மாற்றிக்கொண்டது! எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேய் நகரத்தில் சாலையோரக் கற்களின் தேய்மானத்தை ஆராய்ந்தவர்கள், அங்கே ஒருவழிப் பாதைகூட இருந்தது என்கிறார்கள். அப்போதும் எதிர்த்திசையில் ஒருவராவது வந்திருப்பார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சரி, உலகின் முதல் டிராபிக் சிக்னலுக்கு என்ன ஆச்சு தெரியுமா? வெடித்துவிட்டது! 1868 டிசம்பரில் லண்டன் நாடாளுமன்றத்துக்கு வெளியே நிறுத்தினார்கள். ரயில்வேயில் இருப்பது போன்ற கைகாட்டி, ராத்திரிக்குச் சிவப்பும் பச்சையுமாக கேஸ் விளக்கு. திருப்பிவிட ஒரு போலீஸ்காரர். ஒரு மாதம்கூட ஓடவில்லை. கேஸ் கசிந்து வெடித்ததில் பாவம், அந்தப் போலீஸ்காரருக்குக் காயம்.

அதே இங்கிலாந்தில் 1896 ஜனவரி. கென்ட் மாவட்டத்தின் ஈஸ்ட் பெக்கம் ஊருக்குள் வால்ட்டர் ஆர்னால்ட் என்பவர் கார் ஓட்டிப் போகிறார். ஊருக்குள் அனுமதித்த வேகம் மணிக்கு 2 மைல். அதாவது நாம் காய்கறி வாங்கப் பொடிநடையாகப் போகும் வேகம்கூட இல்லை. காருக்கு முன்னால் ஓர் ஆள் வேறு நடந்து போக வேண்டும்! இவரோ தன்னந்தனியாக 8 மைல் வேகத்தில் 'பறந்தார்'. கான்ஸ்டபிள் விடுவாரா? சைக்கிளை எடுத்துக்கொண்டு 5 மைல் தூரம் மிதித்துத் துரத்திப் பிடித்தார்! அதிவேகத்துக்கு ஃபைன் 1 ஷில்லிங், வழக்குச் செலவு தனி. வேகமாக ஓட்டியதற்காக உலகில் முதன்முதலில் மாட்டியவர் என்று இன்றும் அவரைத்தான் சொல்கிறார்கள். இதில் வேடிக்கை, ஆர்னால்ட் கார் வியாபாரி. அதே வருஷம் சட்டத்தைத் திருத்தி 14 மைல் வரை போகலாம் என்றுவிட்டார்கள்.

நியூயார்க் நகரத்துக்கு 1903-லேயே சாலை விதிகளை எழுதிக்கொடுத்த வில்லியம் ஃபெல்ப்ஸ் ஈனோவுக்குக் கார் ஓட்டவே தெரியாது, தெரியுமா? கடைசிவரை கற்றுக்கொள்ளவில்லை. பின்சீட்டில் உட்கார்ந்து வழி சொல்பவர்களைத் திட்டுகிறோம். போக்குவரத்து ஒழுங்குக்கே தந்தை என்று போற்றப்படுபவர் பின்சீட்டு ஆசாமிதான்!

இன்னொருவர் கதை அதைவிடப் பிரமாதம். நெதர்லாந்தின் மவுரிஸ் காட்சோனிடிஸ், 1953 மான்டி கார்லோ ராலியில் ஜெயித்த கார் பந்தய வீரர். வளைவில் தன் வேகத்தை அளந்து, இன்னும் வேகமாக ஓட்டப் பழக வேண்டும் என்று ஒரு கருவி செய்தார். அதுதான் வளர்ந்து, ஊர் ஊராகச் சாலையோரத்தில் நிற்கும் வேகக் கேமராவாக ஆனது! தன் கேமராவில் தானே பலமுறை மாட்டியிருக்கிறார் மனிதர்.

மாட்டினால் ஃபைன் கட்டித்தானே ஆக வேண்டும்? அங்கேதான் விஷயமே இருக்கிறது. நியூயார்க்கில் ஐ.நா. சபைக்கு வந்திருக்கும் வெளிநாட்டுத் தூதர்களுக்குச் சட்ட விலக்கு உண்டு. காரை எங்கே நிறுத்தினாலும் சீட்டு ஒட்டலாம், காசை வசூலிக்க முடியாது. 1997 முதல் 2002 வரை அவர்கள் கட்டாமல் விட்ட சீட்டுகள் 1,50,000-க்கும் அதிகம், பாக்கி 1.8 கோடி டாலர்! ரேமண்ட் ஃபிஸ்மன், எட்வர்ட் மிகேல் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். குவைத் தூதர்கள் தலைக்கு ஆண்டுக்கு 240-க்கும் மேல். ஸ்வீடன், நார்வே, ஜப்பான்? பூஜ்யம்! ஒரே தெரு, ஒரே விலக்கு. இது வளர்ப்பு செய்த வேலை என்று முடிவு கட்டப் போனேன். அடுத்த தகவல் வாயை அடைத்தது. மூன்று சீட்டுக்கு மேல் பாக்கி வைத்தால் நம்பர் பிளேட்டைக் கழற்றிவிடலாம் என்று 2002-ல் நகரத்துக்கு அதிகாரம் கிடைத்ததும், மீறல்கள் சுமார் 98 சதவீதம் குறைந்தன. ஒழுக்கம் ஸ்குரூடிரைவர் வடிவில் வந்தது!

ஃபின்லாந்தில் வருமானத்தைப் பார்த்து ஃபைன் போடுவார்கள் தெரியுமா? 50 கி.மீ. போக வேண்டிய இடத்தில் 75-ல் போன நோக்கியா நிறுவன இயக்குநர் ஒருவருக்கு 2002-ல் விழுந்தது 1,16,000 யூரோ.

சிங்கப்பூர் கார் மலேசியாவுக்குள் போகணுமா? பெட்ரோல் டேங்க் முக்கால்வாசி நிறைந்திருக்க வேண்டும்! எல்லைக்கு அந்தப் பக்கம், மலேசியாவின் ஜொகூரில் பெட்ரோல் மலிவு. எல்லோரும் அங்கே போய் நிரப்பிக்கொண்டு வந்தால்? 1989-ல் பாதி டேங்க் என்றார்கள், 1991-ல் முக்கால் ஆக்கினார்கள். சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் அதிகாரி முள்ளை எட்டிப் பார்ப்பார். சில ஓட்டுநர்கள் என்ன செய்தார்கள்? முள்ளிலேயே கை வைத்துவிட்டார்கள்! டேங்க் காலி, முள் மட்டும் முக்காலில் நிற்கும். அதற்கும் தனியாக ஒரு குற்றப் பிரிவு வந்தது. மெக்சிகோ சிட்டியில் 1989-ல் நம்பர் பிளேட்டின் கடைசி எண்ணைப் பார்த்து வாரத்தில் ஒரு நாள் காரை எடுக்காதே என்றதும், பலர் வேறு எண்ணில் இரண்டாவது கார் வாங்கிவிட்டார்கள். அதுவும் பழைய, புகை கக்கும் கார்!

மனிதர்கள்தான் இப்படி, கணினி ஏமாறுமா? ஏமாறுமே! அயர்லாந்து போலீஸ் பதிவேட்டில் 'பிராவோ யாஸ்டி' என்ற பெயரில் 50-க்கும் மேற்பட்ட விதிமீறல்கள். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விலாசம். எமகாதகன், சிக்கவே மாட்டேன் என்கிறான்! 2007-ல் ஒரு அதிகாரிக்குப் பொறி தட்டியது. போலிஷ் மொழியில் அதற்கு அர்த்தம் 'ஓட்டுநர் உரிமம்'. அட்டையின் தலைப்பைப் பெயர் என்று எழுதிக்கொண்டே வந்திருக்கிறார்கள்! கலிபோர்னியாவில் ஒருவர் கணினியைக் குழப்பலாம் என்று 'NULL' என்பதை, அதாவது 'எதுவுமில்லை' என்பதையே, நம்பர் பிளேட்டாக வாங்கினார். எண் தெரியாத வண்டிகளின் ஃபைன் எல்லாம் அவர் தலையில் விழுந்தது, 12,000 டாலருக்கு மேல். சீனாவின் நிங்போ நகரில் 2018-ல், சாலையைக் கண்டபடி கடந்தார் என்று ஒரு தொழிலதிபரின் முகத்தைத் திரையில் போட்டு மானத்தை வாங்கியது கேமரா. அவர் அங்கே இல்லவே இல்லை! பேருந்தில் ஒட்டியிருந்த விளம்பரத்தில் இருந்தது அவர் முகம்.

மும்பை போலீஸ் செய்த குறும்பை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. 2020 ஜனவரியில் வெளியிட்ட வீடியோவில், சிவப்பு விளக்கில் ஹார்ன் சத்தம் 85 டெசிபலைத் தாண்டினால் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். அடி, இன்னும் அடி, இங்கேயே கிட! கொலம்பியாவின் பொகோட்டா மேயர் ஆன்டனஸ் மோக்கஸ் 1995-ல் தெருவில் இறக்கிவிட்டது ஊமை நடிகர்களை. முகத்தில் வெள்ளைப் பூச்சு, வாயில் வார்த்தை கிடையாது, கையில் ஃபைன் புத்தகம் கிடையாது. கோட்டைத் தாண்டி நிற்கும் காருக்கு முன்னால் போய் இடுப்பில் கை வைத்து நின்று, ஓட்டுபவரைப் போலவே நடித்துக் காட்டுவார்கள். தெருவே கைகொட்டிச் சிரிக்கும். பர்ஸுக்கு வலிக்காத அந்தத் தண்டனைக்குப் பயந்து கார்கள் பின்வாங்கின. இருபது பேரில் ஆரம்பித்து நூற்றுக்கணக்கில் பெருகினார்கள்.

நம்மூர்? 18 வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டி மாட்டினால், 2019 சட்டத்திருத்தப்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டுவரை சிறை, பிள்ளைக்கு 25 வயதுவரை உரிமம் கிடையாது, தெரியுமா? தெரிந்த பல வீடுகளில் இது தெரியாது.

எனக்கும் போன மாதம் செல்போனில் சலான் வந்தது. நிறுத்தற்கோட்டைத் தாண்டியதற்கு 500 ரூபாய். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஹெல்மெட், வார் எல்லாம் கச்சிதமாக மாட்டிய நான். என் முன்சக்கரம் மட்டும் வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சாண். எனக்கும் ஒரு முழம் முன்னால் இன்னொரு பைக், ஹெல்மெட் முழங்கையில். அவருக்குச் சலான் போயிருக்க வழியே இல்லை. அவருடைய பின் நம்பர் பிளேட்டை முழுசாக மறைத்துக்கொண்டு தொங்கியது, ஒரு முளைக்கீரைக் கட்டு.