வேண்டாத செல்போன் திட்டத்தை நிறுத்துவது எப்படி?

கிராமங்களில் இன்று செல்போன் இல்லாத விவசாயக் குடும்பம் அரிது. ஒரே வீட்டில் மூன்று, நான்கு சிம் கார்டுகள் இருப்பதும் சாதாரணமாகிவிட்டது. விவசாயியிடம் ஒரு பட்டன் போன். மகனிடம் இரண்டு சிம் போட்ட தொடுதிரை போன். கிணற்று மோட்டாரை வீட்டிலிருந்தே ஓட்டவும் நிறுத்தவும் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் இன்னொரு சிம். இவற்றில் எதற்கு எப்போது கெடு முடிகிறது, எதற்கு எவ்வளவு பணம் போகிறது என்று கணக்கு வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு. உரக்கடையில் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறவர்கள்கூட, ரீசார்ஜ் கடையில் கேட்ட தொகையைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள்.

வேண்டாத திட்டத்தை நிறுத்துவது கடினமான வேலை அன்று. ஆனால் எதை நிறுத்துகிறோம் என்று அறியாமல் நிறுத்தினால் நஷ்டம் ஏற்படும். திட்டத்தை மாற்றுவது வேறு. கூடுதல் சேவையை நீக்குவது வேறு. எண்ணையே விட்டுவிடுவது வேறு. கடைசியாகச் சொன்னதில்தான் ஆபத்து இருக்கிறது. அரசு உதவித்தொகை, பயிர்க்கடன், பயிர்க் காப்பீடு, நெல் கொள்முதல் நிலையப் பதிவு எல்லாம் அந்தப் பத்து இலக்க எண்ணைப் பற்றிக்கொண்டு நிற்கின்றன.

பத்து மூட்டை யூரியா

முதலில் கணக்குப் பார்க்க வேண்டும். 28 நாள் கெடு உள்ள திட்டத்தையும் ‘மாதத் திட்டம்’ என்றே கடைக்காரர்கள் சொல்வது வழக்கம். 28 நாளுக்கு ஒரு முறை என்றால் ஆண்டுக்கு 12 தடவை அல்ல, 13 தடவை பணம் கட்ட வேண்டியிருக்கும். ஒரு தடவைக்கு 200 ரூபாய் என வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 2,600 ரூபாய். 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு என்ற விலையில், இது ஏறத்தாழ பத்து மூட்டை யூரியாவின் விலை. இரண்டு சிம் என்றால் 5,200 ரூபாய். பி.எம். கிசான் திட்டத்தில் மூன்று தவணையாக ஆண்டு முழுவதற்கும் கிடைப்பது 6,000 ரூபாய்தான் என்பதையும் இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் கெடு உள்ள திட்டம் ஒன்றையாவது, மாதந்தோறும் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றையாவது வைத்திருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022ல் உத்தரவிட்டது. இதைவிடச் சிறு விவசாயிகளுக்குப் பயன் தருவது 2024 டிசம்பரில் வெளியான விதி. பேசுவதற்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான, டேட்டா இல்லாத திட்டத்தை நிறுவனங்கள் கட்டாயம் தர வேண்டும் என்றும், இத்தகைய சிறப்புத் திட்டங்களின் கெடு 365 நாட்கள் வரை இருக்கலாம் என்றும் அவ்விதி கூறுகிறது. 2025 ஜனவரி முதல் இத்திட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. பட்டன் போன் வைத்திருப்பவர் நாளொன்றுக்கு ஒன்றரை ஜி.பி. டேட்டாவுக்குப் பணம் கட்டுவது, வீட்டில் இல்லாத மாட்டுக்குத் தீவனம் வாங்குவது போலத்தான். கடைக்காரர் தாமாக இத்திட்டத்தைச் சொல்லமாட்டார். “டேட்டா வேண்டாம், பேச மட்டும் போதும்” என்று கேட்டு வாங்க வேண்டும்.

பிரீபெய்டு இணைப்பில் திட்டத்தை மாற்றத் தனியாக மனு எதுவும் தேவையில்லை. நடப்புத் திட்டத்தின் கெடு முடியும் வரை பொறுத்திருந்து, அடுத்த தடவை வேறு திட்டத்தைப் போட்டால் போதும். பாதியில் விட்டால் மீதி நாளுக்குப் பணம் திரும்பக் கிடைக்காது.

மோட்டார் ஸ்டார்ட்டரில் உள்ள சிம்முக்கும் டேட்டா இல்லாத திட்டமே பெரும்பாலும் பொருந்தும். அழைப்பு அல்லது குறுஞ்செய்தி மூலம் இயங்கும் ஸ்டார்ட்டருக்கு டேட்டா தேவைப்படாது. செல்போன் செயலி வழியாக மட்டுமே இயங்கும் புதிய வகையாக இருந்தால், விற்றவரிடம் கேட்டுக்கொண்டு மாற்றுவது நல்லது.

கேட்காமல் வரும் சேவைகள்

காலர் டியூன், ஜோதிடம், கிரிக்கெட் செய்தி, சினிமாப் பாட்டு போன்ற கூடுதல் சேவைகளுக்காகக் கணக்கிலிருந்து பணம் பிடிக்கப்படுவது பழைய தொல்லை. போனைச் சட்டைப் பையில் வைக்கும்போது தவறுதலாகப் பட்டன் அழுந்தியோ, குழந்தைகள் விளையாடும்போதோ இவை தொடங்கிவிடுவது உண்டு. சந்தாதாரர் இரண்டு முறை சம்மதம் தெரிவித்தால் அன்றி இத்தகைய சேவையைத் தொடங்கக்கூடாது என்பது 2013லேயே டிராய் பிறப்பித்த உத்தரவு. இவற்றை நிறுத்துவதற்கென்றே 155223 என்ற கட்டணமில்லா எண் உள்ளது. பணம் பிடிக்கப்பட்ட அதே போனிலிருந்து இந்த எண்ணை அழைத்தால், எந்தெந்தச் சேவைகள் நடப்பில் உள்ளன என்று அறிந்து, வேண்டாதவற்றை நீக்கிவிடலாம். சம்மதமின்றித் தொடங்கிய சேவையாக இருந்தால் அன்றைய தினமே முறையிட வேண்டும். நாள் கடந்தால் பணத்தைத் திரும்பப் பெறுவது சிரமம்.

விளம்பர அழைப்புகளைத் தடுக்க 1909 என்ற எண்ணுக்கு ஆங்கிலத்தில் ‘ஸ்டார்ட்’ என்ற சொல்லும், இடைவெளி விட்டு பூஜ்யமும் குறுஞ்செய்தியாக அனுப்ப வேண்டும். அல்லது அதே எண்ணை அழைத்தும் பதிவு செய்யலாம். வங்கியிலிருந்து வரும் கணக்குச் செய்திகளும் ஓ.டி.பி.யும் இதனால் நிற்காது. அந்தப் பயம் வேண்டாம்.

படித்த இளைஞர்கள் உள்ள வீடுகளில் இன்னொரு வழியிலும் பணம் போகிறது. செல்போன் மூலம் பணம் கட்டும் யு.பி.ஐ. செயலியில் ‘ஆட்டோபே’ என்று ஒரு முறை சம்மதித்துவிட்டால், ரீசார்ஜ் தொகை தவணை தோறும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே போய்க்கொண்டிருக்கும். செல்போன் திட்டத்தை மாற்றினாலும், போனையே மாற்றினாலும் இது நிற்காது. அந்தச் செயலிக்குள் ‘ஆட்டோபே’ பகுதியைத் திறந்து, அங்கேதான் ரத்து செய்ய வேண்டும். ரத்து செய்ய எவருடைய அனுமதியும் தேவையில்லை.

எண்ணைக் கைவிடும் முன்

வேறு சிம் மலிவாகக் கிடைத்தது என்று பழைய சிம்மைப் பெட்டியில் போட்டுவைப்பவர்கள் கவனிக்க வேண்டிய பகுதி இது.

திட்டத்தின் கெடு முடிந்தால் முதலில் வெளியே பேச முடியாது. பிறகு உள்ளே வரும் அழைப்பும் நின்றுவிடும். 90 நாட்கள் எவ்விதப் பயன்பாடும் இல்லாமல் கிடக்கும் பிரீபெய்டு எண்ணைத் துண்டிக்க நிறுவனத்துக்கு அதிகாரம் உண்டு. கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு மேலும் 30 நாட்கள் எண்ணைக் காத்து வைக்க வேண்டும். துண்டித்த பிறகும் மீட்டுக்கொள்ள 15 நாள் அவகாசம் தர வேண்டும். இவை 2013ம் ஆண்டு விதிகள். அதன்பிறகு அந்த எண் வேறொருவருக்குப் போய்விடும். துண்டிக்கப்பட்ட எண் குறைந்தது 90 நாட்களுக்குப் பிறகே புதியவருக்கு ஒதுக்கப்படுகிறது என்று 2023ல் உச்ச நீதிமன்றத்தில் டிராய் தெரிவித்தது. ஆக, நாற்று விட்டு அறுவடை முடிந்து மறு போகம் தொடங்குவதற்குள், விவசாயியின் எண் முன்பின் தெரியாத ஒருவர் கையில் இருக்கக்கூடும். விவசாயியின் வங்கிக் கணக்குக்கு வரும் ஓ.டி.பி. அந்த மனிதருக்குப் போகும். பி.எம். கிசான் அடையாளச் சரிபார்ப்புக்கும், விவசாயிகளுக்கான தனி அடையாள எண் பதிவுக்கும் ஆதாருடன் இணைத்த எண்ணுக்கே ஓ.டி.பி. வருகிறது. எண் கையில் இல்லாதபோது தவணைத் தொகை நின்ற பிறகுதான் விஷயம் வெளியே தெரியும்.

எனவே எண்ணை விடும் முன்பு, பழைய சிம் உயிரோடு இருக்கும்போதே, புதிய எண்ணை எல்லா இடங்களிலும் மாற்றிவிட வேண்டும். ஆதாரில் தொடங்குவதே சரியான வரிசை. ஆதார் மையத்திலோ, இச்சேவை உள்ள அஞ்சலகத்திலோ கைரேகை கொடுத்து மாற்றலாம். அடுத்து வங்கி. பாஸ் புத்தகத்துடன் கிளைக்கு நேரில் சென்று எழுதிக் கொடுப்பதே நல்லது. பின்னர் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம், ரேஷன் கார்டு, சமையல் எரிவாயு, பி.எம். கிசான், உழவன் செயலி என்று ஒவ்வொன்றாக முடிக்கலாம். ஆதார் எண் மாற்றம் பதிவாகும் வரை பி.எம். கிசான் சரிபார்ப்பு தேவைப்பட்டால், பொது சேவை மையத்தில் கைரேகை மூலமும் முடித்துக்கொள்ள வழியுண்டு.

அப்புறமும் அவசரப்பட்டுப் பழைய எண்ணை விட்டுவிடக்கூடாது. வங்கியிலிருந்து வரும் செய்தி ஒன்றாவது, உதவித்தொகைத் தவணை பற்றிய செய்தி ஒன்றாவது புதிய எண்ணுக்கு வந்து சேர்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு விடுவதே உத்தமம். இதற்காக ஒரு தடவை கூடுதலாக ரீசார்ஜ் செய்ய நேர்ந்தாலும் அது வீண் செலவு ஆகாது.

எண்ணை வைத்துக்கொண்டே நிறுவனம் மாறலாம்

கட்டணமோ சிக்னலோ பிடிக்கவில்லை என்பதற்காக எண்ணையே விட வேண்டிய அவசியம் இல்லை. 2011 ஜனவரியிலிருந்து நாடு முழுவதும், அதே எண்ணுடன் வேறு நிறுவனத்துக்கு மாறும் வசதி உள்ளது. ‘போர்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லையும், ஓர் இடைவெளி விட்டுச் செல்போன் எண்ணையும் 1900 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், எட்டு இலக்கக் குறியீடு ஒன்று வரும். தமிழ்நாட்டில் இது நான்கு நாட்களுக்குச் செல்லும். அதற்குள் ஆதாருடன் புதிய நிறுவனத்தின் கடைக்குச் சென்றால் புதிய சிம் கிடைக்கும். மாநிலத்துக்குள்ளேயே மாறுவதற்கு மூன்று வேலை நாட்கள் ஆகும். அதுவரை பழைய சிம்மைக் கழற்றக்கூடாது. பழைய நிறுவனத்தில் 90 நாளாவது முடிந்திருக்க வேண்டும். பில் பாக்கி இருக்கக்கூடாது. பழைய கணக்கில் மிச்சமுள்ள பணம் புதிய இடத்துக்கு வராது. ஆதலால் கெடு முடியும் வாரத்தில் மாறுவது லாபம்.

மோட்டார் ஸ்டார்ட்டர் சிம்மை மாற்றும்போது மட்டும் ஒரு எச்சரிக்கை தேவை. பழைய ஸ்டார்ட்டர்கள் பல 2ஜி முறையில் மட்டுமே இயங்குபவை. 4ஜி, 5ஜி மட்டும் தரும் நிறுவனத்தின் சிம் அவற்றில் வேலை செய்யாது. எண் மாறியபின் மோட்டார் ஓடவில்லை என்று தெரிந்தாலும் மறுபடி திரும்பி வர 90 நாள் ஆகும். அதே நிறுவனத்தின் சிம் ஒன்றைத் தெரிந்தவரிடம் வாங்கிப் பெட்டியில் போட்டுப் பார்த்துவிட்டு மாறினால் இந்தச் சங்கடம் இல்லை.

பின்னர் பில் கட்டும் போஸ்ட்பெய்டு இணைப்பு கிராமங்களில் குறைவு. அதை நிறுத்த, இணைப்பு யார் பெயரில் உள்ளதோ அவரே அடையாள அட்டையுடன் வாடிக்கையாளர் மையத்துக்குச் சென்று எழுதிக் கொடுக்க வேண்டும். பில் கட்டாமல் விட்டால் தானாக நின்றுவிடும் என்று எண்ணுவது தவறு. பாக்கி ஏறிக்கொண்டே போகும். கடைசி பில்லைக் கட்டி, பாக்கி இல்லை என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, வைப்புத்தொகை கட்டியிருந்தால் அதையும் கேட்டுப் பெற வேண்டும்.

தம் பெயரில் எத்தனை இணைப்புகள் உள்ளன என்பதே பலருக்குத் தெரியாது. 2023ல் மத்திய தொலைத்தொடர்புத் துறை தொடங்கிய சஞ்சார் சாத்தி என்ற தளத்தில் செல்போன் எண்ணையும் ஓ.டி.பி.யையும் கொடுத்தால், ஒருவர் பெயரில் உள்ள எண்கள் அனைத்தும் தெரியும். தம்முடையது அல்லாத எண், அல்லது இனித் தேவையில்லாத எண் என்று அங்கேயே குறித்தால் அதை நிறுத்த நடவடிக்கை எடுக்கிறார்கள். இ-சேவை மையத்திலோ, படிக்கும் பிள்ளைகளிடமோ சொல்லிப் பார்க்கச் செய்யலாம்.

புகார் செய்யும் முறை

நிறுத்தச் சொல்லியும் நிறுத்தாவிட்டால், பெரும்பாலான நிறுவனங்களில் 198 என்ற கட்டணமில்லா எண்ணுக்குப் புகார் செய்யலாம். புகாருக்கு ஒரு பதிவு எண் தருவார்கள். அதைத் தேதியுடன் குறித்துவைக்காமல் போனை வைக்கக்கூடாது. அந்த எண் இல்லாவிட்டால் புகாரே செய்யவில்லை என்று பொருள். தீர்வு திருப்தி அளிக்கவில்லை என்றால், அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு 30 நாட்களுக்குள் எழுதலாம். இதற்குக் கட்டணம் கிடையாது. டிராய் தனிநபர் புகார்களை நேரடியாக விசாரிப்பதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் பயன் இல்லாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். தொலைபேசி நிறுவனங்கள் மீதான புகாரை அந்த ஆணையங்கள் விசாரிக்கலாம் என்று 2022ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. செலுத்திய கட்டணம் ஐந்து லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குகளுக்கு அங்கே மனுக் கட்டணம் இல்லை.

“டிராய் அலுவலகத்திலிருந்து பேசுகிறோம், இரண்டு மணி நேரத்தில் உங்கள் சிம் துண்டிக்கப்படும், ஒன்பதை அழுத்துங்கள்” என்று வரும் அழைப்புகள் மோசடி. டிராய் எவருடைய எண்ணையும் துண்டிப்பதில்லை. துண்டிப்பதாக அழைத்துச் சொல்வதும் இல்லை. பணத்தைப் பறிகொடுத்தவர்கள் சிறிதும் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.