சபுரில் சொந்தத் தொழில்: வரி ஆலோசனை எப்போது, யாரிடம்?



சம்பளத்துக்குப் பயணம் போனவருக்குக் கணக்கு வழக்கைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும். சபுரில் சொந்தத் தொழில் செய்பவருக்கு அவரேதான் கம்பெனி. "வளைகுடாவில் வரி இல்லை, என்.ஆர்.ஐ.க்கும் வரி இல்லை" என்ற பேச்சை நம்பி அவர் இருந்துவிடக் கூடாது. அதற்காகவே இதை எழுதுகிறோம்.

ஓர் உதாரணம் பார்ப்போம். நம்மூர் பீங்கான் தொழிற்பேட்டையில் வேலை பழகிய ஒருவர் இப்போது ஷார்ஜாவில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். தாயாருக்கு உடல்நலமில்லை என்று நவம்பர் தொடக்கத்தில் ஊர் வந்தவர், மார்ச் பாதியில்தான் திரும்புகிறார். இடையில் ஒரு மனையை விற்கிறார். லாபம் 20 லட்சம் ரூபாய். கடையை இங்கிருந்தே போனில் நடத்துகிறார். "182 நாள் ஆகவில்லையே, நமக்கென்ன?" என்று நினைக்கிறார்.

தவறு இங்கேதான். நிதியாண்டில் இந்திய வருமானம் 15 லட்சம் ரூபாயைத் தாண்டினால், விடுமுறைக்கு வந்துபோகும் இந்தியக் குடிமகனுக்கு அந்த வரம்பு 182 நாளிலிருந்து 120 நாளாகக் குறைகிறது. முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாள் இங்கு இருந்திருந்தால், அந்த ஆண்டுக்கு அவர் 'ரெசிடென்ட்' ஆகிறார். 182 நாளுக்குள் இருந்தவரின் வெளிநாட்டு வருமானம் பொதுவாக இங்கே வரிக்கு வராது. ஆனால் இந்தியாவிலிருந்து நிர்வகிக்கப்படும் தொழிலின் லாபம் வரக்கூடும். தாயாரின் கட்டிலருகே இருந்து நடத்திய கடை அதில் சேருமா என்பதை டீக்கடையில் தீர்மானிக்க முடியாது.

அங்கும் நிலைமை மாறியிருக்கிறது. அமீரகத்தில் 2018 முதல் 5 சதவீத வாட் உண்டு. 2023 ஜூனில் கம்பெனி வரியும் வந்தது. தன் பெயரில் தொழில் செய்பவருக்கும், ஓராண்டின் விற்றுமுதல் 10 லட்சம் திர்ஹத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். லாபத்தில் 3,75,000 திர்ஹத்துக்கு மேற்பட்ட தொகைக்கு 9 சதவீத வரி. சிறு தொழிலுக்குச் சலுகை இருந்தாலும் அதைக் கேட்டுப் பெற வேண்டும்.

ஒரே வருமானத்துக்கு இரு நாட்டிலும் வரி கட்டாமலிருக்க இந்தியாவும் அமீரகமும் ஒப்பந்தம் செய்துள்ளன. அதன் பலனைப் பெற அங்குள்ள வரி வசிப்பிடச் சான்றிதழ் வேண்டும்.

ஆகவே ஆலோசகர் இருவர் தேவை. இங்கே, என்.ஆர்.ஐ. கணக்குப் பார்த்துப் பழகிய ஆடிட்டர். அவர் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் உறுப்பினரா என்று பாருங்கள். அங்கே, அரசிடம் பதிவு பெற்ற வரி முகவர்.

போகும்போது பாஸ்போர்ட், ஐந்தாண்டுப் பயணத் தேதிகள், என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்குகள், சொத்துப் பத்திரம், கடை லைசென்ஸ், வரவு செலவு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். என்.ஆர்.இ. வட்டிக்கு வரி இல்லை, என்.ஆர்.ஓ. வட்டிக்கு உண்டு, இரண்டையும் குழப்ப வேண்டாம்.

எப்போது போவது? மனை விற்க அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பே. என்.ஆர்.ஐ. விற்கும் சொத்துக்கு, வாங்குபவர் பிடிக்க வேண்டிய வரி அதிகம். முன்கூட்டியே விண்ணப்பித்தால் குறைவாகப் பிடிப்பதற்கான சான்றிதழை வருமான வரித் துறையிடம் பெறலாம். பத்திரம் முடிந்த பின் ஆலோசனை கேட்டால், பிடித்த பணத்துக்கு ரீஃபண்ட் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

கட்டணத்தை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். ஆலோசனையை எழுத்தில் வாங்குங்கள். "வரியே வராமல் பண்ணித் தருகிறேன்" என்பவரிடமிருந்து விலகுங்கள். ரிட்டர்னைப் படிக்காமல் ஒப்புதல் தராதீர்கள்; அதில் பொய் இருந்தால் பொறுப்பு உங்களுடையதே.

கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. ஜகாத்துக்காக ஆண்டுதோறும் கணக்குப் பார்க்கும் நமக்கு இது புதிதல்ல. வியர்வை சிந்திச் சேர்த்த ஹலாலான பணம் அபராதமாகப் போகாமல் குடும்பத்துக்குச் சேரட்டும், இன்ஷா அல்லாஹ்.