சீல் போனது ஏன்?

ஏப்ரல் பிறந்தால் ஒக்டோபர் வரை அறுகம்பே அலைச்சறுக்கல்காரர்களின் ஊர். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தாங்கி எல்லாவற்றையும் வேனுக்குள்ளேயே பொருத்திக்கொண்டு வருகிற பயணிகளும் அவர்களில் உண்டு. பொத்துவில் மணலில் வண்டியை நிறுத்தினால் ஒரு பக்கம் அமிழும். தூக்கி மட்டமாக்க ஹைட்ரோலிக் ஜக் வேண்டும். பெரிய வீட்டு வண்டிகளில் அது நான்கு கால்களாக அடியிலேயே பொருத்தப்பட்டிருக்கும். கல்முனை லொறிக்காரரின் சீட்டுக்கடியில் கிடக்கிற போத்தல் ஜக்கும் அதே இனம்தான். இரவு நிமிர்ந்து நின்ற வண்டி காலையில் சரிந்து, ஜக்கின் அடியில் ஒயில் படர்ந்திருந்தால் கராஜில் ஒரே பேச்சுத்தான்: "சீல் போயிட்டு, காக்கா."

சரிதான், ஒயிலைக் கசியவிடாமல் அடைக்கிற வளையம்தான் சீல். ஆனால் ஏன் போனது என்று பாராமல் புதிய சீலைப் போட்டால் அதுவும் போகும்.

அடைத்து வைத்த திரவத்தை ஓரிடத்தில் அமுக்கினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்பது 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பஸ்கால் சொன்ன விதி. 5 செ.மீ. விட்டமுள்ள பிஸ்டனின் பரப்பு ஏறத்தாழ 20 சதுர செ.மீ. ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் 200 கிலோ அழுத்தம் கொடுத்தால் 4 தொன் எழும். கார் டயருக்குள் இருக்கும் காற்றழுத்தத்தைப்போல் இது சுமார் நூறு மடங்கு. இத்தனை அழுத்தத்தில் நிற்கிற ஒயிலை, மேலும் கீழும் ஓடுகிற ஒரு கோலைச் சுற்றி எப்படிக் கசியாமல் அடைப்பது?

1795இல் இங்கிலாந்தில் ஹைட்ரோலிக் அழுத்தப்பொறிக்குக் காப்புரிமை பெற்ற ஜோசப் பிராமாவுக்கும் இதுவே தலைவலி. அவருடைய பட்டறையில் வேலை செய்த ஹென்றி மோட்ஸ்லே தோலைக் கிண்ணம்போல் மடித்து உள்ளே வைத்தார் என்பார்கள். அழுத்தம் ஏற ஏற, அந்தத் தோலின் விளிம்பை உள்ளிருக்கும் திரவமே கோலோடு சேர்த்து நெருக்கும். வெளியே வரத் துடிக்கிற திரவமே தன் கதவைத் தானே இறுக்கிச் சாத்துகிறது! எனக்குத் தெரிந்த பொறியியல் யோசனைகளில் இதைவிட அழகானது குறைவு. இன்றைய சீலிலும் இதே விளிம்புதான் உதடுபோல் இருக்கிறது. அந்த உதடு ஒயில் பக்கம் பார்த்திருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் புதிய சீலும் அன்றைக்கே ஒழுகும்.

தோலின் இடத்துக்கு இறப்பர் வந்தது. 1876இலேயே இறப்பர் கன்றுகள் வந்திறங்கிய நாடு நம்முடையது. கம்பஹாவின் ஹெனரத்கொட தோட்டத்தில் அவை நடப்பட்டன. ஆனாலும் மரத்தில் வடிகிற அந்த இயற்கை இறப்பர் இந்த வேலைக்கு ஆகாது. ஓர் இறப்பர் பட்டியை மண்ணெண்ணெயில் ஒரு நாள் ஊறவைத்துப் பாருங்கள், ஊதிப் பெருத்துக் குழையும். ஜக்கிலுள்ள கனிம ஒயிலிலும் அதே கதிதான். அதனால்தான் ஜக்குக்கு நைட்ரைல் என்ற செயற்கை இறப்பர். அளவு ஒத்துப்போகிறதே என்று கையில் கிடைத்த வளையத்தைப் போடக் கூடாது. பிரேக் ஒயிலையும் ஜக்கில் ஊற்றக் கூடாது. அது வேறு இரசாயனம், நைட்ரைலைக் கெடுக்கும்.

நம் கரையில் பெரும்பாலும் முதற் குற்றவாளி சீல் அல்ல, கோல். பளபளக்கும் குரோம் பூச்சு மிக மெல்லியது. அதில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் உண்டு. உப்புக்காற்றின் குளோரைட்டு அவற்றின் வழியே உள்ளே இறங்கி இரும்பைக் கறள் பிடிக்கச் செய்யும். கறள் புடைத்துப் பூச்சை உதிர்க்க, அங்கே சிறு பள்ளம் விழும். அதன் கூரிய விளிம்பு, கோல் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் சீலின் உதட்டைச் சீவும். ஒட்டிய மணலும் சேர்ந்து அராவும். கோலின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கினால் கோலை மாற்றவோ மறுபடி குரோம் பூசவோ வேண்டும். சீலை மட்டும் மாற்றுவது காசுக்குக் கேடு.

வெளியே ஒரு சொட்டும் இல்லாமல் கால் மெல்லத் தாழ்ந்தால் நோய் வேறு. ஒயிலைத் திரும்ப விடாமல் தடுக்கும் வால்வில் தூசி அமர்ந்திருக்கலாம்.

வேலையில்லாதபோது கோலை உள்ளே இழுத்தபடி வையுங்கள். கடற்கரையிலிருந்து திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவி, ஒயில் துணியால் துடையுங்கள். மணலில் பலகை வைத்தே ஜக்கை ஊன்றுங்கள். வடித்த பழைய ஒயிலைக் களப்புப் பக்கம் கொட்டிவிடாதீர்கள்.

அழுத்தம் ஏறியிருக்கும்போது ஒழுக்கை விரலால் தடவித் தேடவே கூடாது. ஊசிமுனைத் துளையால் பீறிடும் ஒயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் சிறு புள்ளியாய்த்தான் தெரியும், ஆனால் கையையே இழக்க நேரலாம். பட்டால் உடனே ஆஸ்பத்திரி. தேடுவதற்கு அட்டைத் துண்டு போதும். தூக்கிய வண்டிக்கடியில் நுழையுமுன் இரும்புத் தாங்கியை முட்டுக் கொடுங்கள்; ஜக்கை மட்டும் நம்பி ஒருபோதும் படுக்காதீர்கள்.