ராய்கட்டில் நினைவுக்கு வந்த செஞ்சி

புனேயில் குடியேறிய நம்மவர்க்கு ஞாயிற்றுக்கிழமை என்பது காய்கறிச் சந்தையிலும் உறவினர் வீட்டிலுமாகக் கழிந்துவிடும். சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று அவ்வழக்கத்தை விடுத்து, 12 வயது மகனை என் பழைய மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் அமர்த்திக்கொண்டு, ராய்கட் கோட்டைக்குச் சென்று வந்தேன்.

ரயில்வே குமாஸ்தாவாகிய நான் நாள்தோறும் கடிகாரத்திற்குக் கட்டுப்பட்டவன். ஆகவே, அன்று ஒரு நாளேனும் அவசரம் கூடாதென்று உறுதி செய்துகொண்டேன். விடியுமுன் புறப்பட்டு, முள்ஷி ஏரிக்கரையில் தேநீர் அருந்தினோம். தாம்ஹினி மலைப்பாதையில் மெல்ல இறங்கி, பாச்சாட் சிற்றூரில் சிவாஜியின் அன்னை ஜீஜாபாயின் சமாதியை வணங்கினோம். மலைமேல் செல்லக் கம்பிவட ஊர்தி உண்டு. ஆயினும், படியேறிச் செல்வதையே மகன் விரும்பினான்.

மகாதர்வாஜா என்னும் பெருவாயிலைக் கடந்து உச்சியை அடைந்தால், கங்காசாகர் என்னும் குளமும், இருமருங்கும் கல்மேடைகள் வரிசையாய் நிற்கும் பழைய கடைவீதியும் காட்சி தருகின்றன. 1674-இல் சிவாஜி முடிசூடியது இங்கேதான். 1680-இல் உயிர் நீத்ததும் இங்கேதான். 1818-இல் ஆங்கிலேயரின் பீரங்கித் தாக்குதலில் அரண்மனை தீக்கிரையாயிற்று. இன்று எஞ்சியிருப்பவை அடித்தளங்களும் சுவர்களுமே.

சிம்மாசனம் இருந்த இடத்தில் நின்று மகன் கேட்டான்: “எங்கள் மகாராஜாவின் கோட்டை எவ்வளவு பெரியது! உங்கள் ஊரில் இப்படி ஒன்று உண்டா, அப்பா?”

‘எங்கள்’, ‘உங்கள்’ என்ற அவ்விரு சொற்களும் என் நெஞ்சைத் தைத்தன. அவன் பிறந்ததும் படிப்பதும் இம்மண்ணில், அவன்மீது பிழையில்லை. நானோ செஞ்சிக் கோட்டையைக் கண்ணெதிரே கண்டு வளர்ந்தவன். அதைப் பற்றி ஒரு நாளும் அவனிடம் நான் பேசியதில்லை.

குளக்கரையில் அமர்ந்து, கட்டுச்சோற்றை அவிழ்த்து வைத்துக்கொண்டு சொல்லலானேன். 1677-இல் சிவாஜி செஞ்சியைக் கைப்பற்றி அதன் அரண்களை வலுப்படுத்தினார். 1689-இல் முகலாயப் படை ராய்கட்டைச் சூழ்ந்தபொழுது, அவருடைய இளைய மகன் இராஜாராம் தப்பிச் சென்று, நெடுந்தொலைவு கடந்து செஞ்சியில்தான் புகலடைந்தார். 1698 வரை முற்றுகையைத் தாங்கி நின்றது நம் செஞ்சி. 2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்ற 12 மராட்டியக் கோட்டைகளுள் ராய்கட் ஒன்று, செஞ்சி மற்றொன்று. தமிழ்நாட்டில் உள்ளது அது ஒன்றே.

“அப்படியானால் இரண்டும் நம்முடையவைதாமே!” என்றான் மகன். சற்றுப் பொறுத்து, “செஞ்சிமலை மேல் நீங்கள் ஏறியிருக்கிறீர்களா?” என்றும் கேட்டான்.

இல்லையென்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது. நாளைக்கு ஏறலாம், நாளைக்கு ஏறலாம் என்றிருந்தே பிழைப்பு நாடி ஊரைவிட்டு வந்தவன் நான்.

இருட்டுமுன் வீடு திரும்பினோம். வரும் கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லப் பயணச்சீட்டுப் பதிவு செய்துவிட்டேன். இம்முறை உற்றார் வீடுகளுக்கு முன்னதாக இராஜகிரியின் படிகளில் ஏறப்போகிறோம். அன்பர்களே, உங்கள் பிள்ளைகள் இன்னும் கேட்காத கேள்விகளுக்கும் விடையைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.