ரத்தப்பை பறந்து வரும், வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும்

மலேசியாவின் செம்பனைத் தோட்டங்களில் மருந்து தெளிக்கவும் மரங்களைக் கணக்கெடுக்கவும் டிரோன் வந்துவிட்டது. போர்ட்டிக்சனை அடுத்த லுக்குட் பக்கத்துத் தோட்ட மக்கள் அடுத்துக் கேட்க வேண்டியது இதுதான்: மரத்துக்கு மருந்து சுமக்கும் இயந்திரம் மனிதருக்கும் சுமந்து வருமா?

வரும். ருவாண்டாவில் 2016 அக்டோபர் முதல் வந்துகொண்டிருக்கிறது. மலைகள் மண்டிய அந்நாட்டின் முஹாங்காவில் ஸிப்லைன் நிறுவனம் தளம் அமைத்தது. மருத்துவமனை கேட்டதும் ரத்தப்பைகளைப் பெட்டியிலிட்டு, இறக்கையுள்ள சிறு விமானத்தில் ஏற்றி, கவண்கல்லைப் போல விசையுடன் ஏவுகிறார்கள். சேருமிடத்தில் அது தரையிறங்குவதில்லை. தாழப் பறந்து, பெட்டியைப் பாராசூட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடும்.

வேகத்தைவிடப் பெரிய லாபம் ஒன்று இதில் உண்டு. ரத்தம் நெடுநாள் தாங்காது. ஒவ்வொரு சிறு மருத்துவமனையும் எல்லா வகை ரத்தத்தையும் இருப்பு வைத்தால் கணிசமான அளவு காலாவதியாகிவிடும். ஓரிடத்தில் சேமித்துக் கேட்டபோது அனுப்பினால் அந்த வீணடிப்பு குறையும். 2022இல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் வெளியான ஆய்வின்படி, டிரோன் சேவை வந்து ஓராண்டில் ருவாண்டா மருத்துவமனைகளில் காலாவதியான ரத்தம் 67 சதவீதம் குறைந்தது.

இந்தியாவில், 2021 அக்டோபர் 4 அன்று மணிப்பூரின் பிஷ்ணுபூர் மருத்துவமனையிலிருந்து லோக்டாக் ஏரியின் கராங் தீவுக்குக் கோவிட் தடுப்பூசி டிரோனில் பறந்தது. சாலைவழி 26 கிலோமீட்டர். வான்வழி 15 கிலோமீட்டர்தான். கால் மணி நேரத்துக்குள் போய்விட்டது.

லுக்குட்டுக்கு இது தேவையா? உள்ளதைச் சொன்னால், தேவையில்லை. போர்ட்டிக்சன் மருத்துவமனை பக்கத்தில் இருக்கிறது. சிரம்பானுக்கு நல்ல சாலை இருக்கிறது. போதாக்குறைக்கு, அண்டை மாவட்டமான செப்பாங்கில் அனைத்துலக விமான நிலையம் வேறு. இந்த வானத்தில் எதைப் பறக்கவிடவும் கவனம் வேண்டும். சபா, சரவாக் உள்காடுகளும் ஒராங் அஸ்லி பழங்குடிக் கிராமங்களும்தான் டிரோனுக்கு முதல் உரிமை உள்ள இடங்கள். வெள்ளக் காலமும் அப்படித்தான். 2014 டிசம்பரில் கிளந்தானின் குவாலா கிராய் மருத்துவமனையைச் சுற்றி வெள்ளம் சூழ்ந்து, சாலைத் தொடர்பே அறுந்துபோனது.

ஆனால் தோட்ட மக்கள் கவனிக்க வேண்டிய பாடம் வனுவாட்டில் இருக்கிறது. அந்தத் தீவு நாட்டின் எரோமாங்கோ தீவில், மருத்துவ நிலையமோ மின்சாரமோ இல்லாத குக் விரிகுடாவுக்கு 2018 டிசம்பரில் டிரோனில் தடுப்பூசி போனது. அதைப் பெற்று 13 குழந்தைகளுக்கும் 5 கர்ப்பிணிகளுக்கும் போட்டவர் அங்கிருந்த ஒரு செவிலியர். அவர் இல்லையென்றால் வந்தது வெறும் பெட்டிதான்.

மலேசியத் தோட்டங்களுக்குள்ளேயே ஆஸ்பத்திரியும் டிரெசர் எனப்பட்ட மருத்துவ உதவியாளரும் இருந்த காலம் ஒன்று இருந்தது. நள்ளிரவில் காய்ச்சல் கண்டாலும் டிரெசர் வீட்டுக் கதவைத் தட்டலாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது பல இடங்களில் அந்தக் கதவு மூடிக்கொண்டது. மலேசியச் சுகாதார அமைச்சு டிரோன் சேவைக்குத் திட்டமிடும்போது, பெட்டி இறங்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு குளிர்பெட்டிக்கும் பயிற்சி பெற்ற ஒரு மருத்துவ உதவியாளருக்கும் அதே திட்டத்தில் பணம் ஒதுக்க வேண்டும்.